கயிறு நோட்டு

சாய்சரண் ஐந்து மணிக்கு எழுந்தான். மோட்டாரைப் போட்டான். மேல்தொட்டி நிரம்பப் பதினெட்டு நிமிடம் ஆகும். அதற்குள் பல் துலக்கி, சவரம் செய்து, குளித்து முடித்தான். மோட்டாரை நிறுத்தினான். இரண்டு முட்டை வேகவைத்து நின்றபடியே தின்றான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். இஸ்திரி போட்ட நான்கு சட்டைகளில் மேலே இருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டான். ஆறு மணிக்கு வெளியே வந்து காரின் மேலிருந்த உறையை உருவி மடித்தான்.

1951-ஆம் வருடத்து மோரிஸ் மைனர். சாம்பல் நிறம். அவன் மனைவி தேஜஸ்ரீயின் கார். பல் மருத்துவம் படித்து கிளினிக் திறந்த முதல் வருடமே, பூட்டிப்போட்ட ஒரு மில்லின் ஷெட்டில் கிடந்ததைத் தேடிப்பிடித்து வாங்கினாள். அப்போது அதில் இன்ஜின் இருந்தது, ஓடவில்லை. சீட் இருந்தது, உட்கார முடியாது. மூன்று வருடத்தில் ஓடவைத்தாள். வார நாட்களில் கவுண்டம்பாளையத்தில் பல் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இதைப் பார்ப்பாள். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை இன்ஜினுக்குப் பின்னால் நுழைத்து, கைக்கும் கண்ணுக்கும் எட்டாத நட்டையெல்லாம் கண்டுபிடிப்பாள். கார்புரேட்டரின் துளைகளை ரூட் கெனால் ஊசியால்தான் சுத்தம் செய்வாள். செய்யும்போது, "சித்தெ பொறுங்க, வலிக்காது" என்று காரிடம் சொல்லுவாள்.

போன மே மாதம் அவள் இறந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. முப்பத்தொரு வயது. இது ஜனவரி. எட்டு மாதமாகக் கார் கேட்டைத் தாண்டவில்லை. வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பான், அவ்வளவுதான்.

இன்று கிளப்பின் வருடாந்திர ஓட்டம். நொய்யல் கிளாசிக் கார் கிளப்பில் முப்பத்தாறு கார்கள். வ.உ.சி. மைதானத்தில் கிளம்பி, திருச்சி ரோட்டில் சூலூர், காரணம்பேட்டை வழியாகப் பல்லடம் தாண்டி, தலைவர் திருமலைசாமியின் தோட்டத்தில் மதியச் சாப்பாடு. இந்த வருட ஓட்டம் தேஜஸ்ரீயின் நினைவாக. ஒவ்வொரு கார் கண்ணாடியிலும் ஒட்ட ஸ்டிக்கர் அடித்திருந்தார்கள். அதில் அவள் படம். படத்துக்குக் கீழே, அவள் கடைசியாகச் சொன்னது என்று ஒரு வரி: "வண்டி நிக்கக் கூடாது."

அவள் அப்படிச் சொல்லவில்லை.

சாவு வீட்டில் மாமியார் பத்மாவதி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்ன சொன்னா மாப்ளெ?" என்று கேட்டார். "காரைப் பத்தித்தாங்க அத்தை" என்றான். அது உண்மை. அதற்கு மேல் அவனால் வாய் திறக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற திருமலைசாமி, "வண்டி நிக்கக் கூடாதுன்னு சொல்லிருப்பாங்க. அவங்க அப்படித்தான்" என்றார். பத்மாவதி அவனைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான். பதினாறாம் நாளுக்குள் அது கோயம்புத்தூர் முழுக்கப் பரவிவிட்டது. இப்போது ஸ்டிக்கரில் வந்து நிற்கிறது. அந்த வரியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நாற்பத்தைந்து கிலோமீட்டர் அவன் இந்தக் காரை நிற்காமல் ஓட்டிக் காட்டவேண்டும்.

நின்றால் கயிறு. அது கிளப்பின் வழக்கம். ஓட்டத்தில் எந்தக் கார் படுத்துக்கொள்கிறதோ அதைக் கயிறு கட்டித்தான் இழுத்துப் போகவேண்டும். டெம்போவில் ஏற்றக் கூடாது. அந்தக் கயிறு அடுத்த கார் நிற்கும்வரை அந்த வீட்டிலேயே இருக்கும். அதோடு ஒரு நோட்டும் உண்டு. ஏன் நின்றது என்று ஒரே வரியில் எழுதி, எல்லார் முன்னாலும் வாசிக்கவேண்டும். நோட்டைக் கொண்டுவந்தது தேஜஸ்ரீ. செயலாளராக இருந்த நாலு வருடமும் அதை அவள்தான் பார்த்துக்கொண்டாள். சாக்கு எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடுவாள். "பங்க்காரன் பெட்ரோலைக் குறைத்துப் போட்டுவிட்டான்" என்று திருமலைசாமி எழுதியதை அடித்துவிட்டு, "மறுபடி எழுதுங்க" என்று பேனாவை நீட்டினாள். இருநூறு பேருக்கு வேலை தருகிற மனிதர். "பெட்ரோல் போட மறந்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவளுடைய மோரிஸை மட்டும் கயிறு தொட்டதில்லை. ஆறு வருடம். மூன்று முறை அது மற்ற கார்களை இழுத்துப் போயிருக்கிறது. அதில் ஒன்று திருமலைசாமியின் செவர்லே. எலி யானையை இழுப்பது போல இருந்தது என்று இன்றைக்கும் பேசுவார்கள்.

மாமியாரை ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குள் நுழைந்தபோது மணி ஏழரை. முப்பது கார்களுக்கு மேல் வரிசையில் நின்றிருந்தன. சாய்சரண் தன் இடத்தில் நிறுத்தினான். பேச்சு சற்று அடங்கியது. எட்டு மாதமாகவே அவன் போகும் இடமெல்லாம் இப்படித்தான் அடங்குகிறது.

நிஜாம் வந்தான். உக்கடத்தில் கார் சீட் தைக்கும் கடை வைத்திருப்பவன். பதினாலு மாதமாகக் கயிறு அவன் வீட்டில்தான் இருக்கிறது; இன்று பியட்டின் டிக்கியில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். "வாடா சரணு. இன்னிக்காச்சும் இந்தச் சனியனை உன்ற தலையில கட்டி..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். "டீ குடிச்சியா?" என்றான்.

"குடிச்சேன் பாய்."

குடித்திருக்கவில்லை.

திருமலைசாமி காரைச் சுற்றி வந்தார். பின்பக்கம் குனிந்தார். "பெட்ரோல் மூடி புதுசுங்களா? கண்ணுல அடிக்குதுங்க."

"பழசு துருப்புடிச்சுக் கெடந்துச்சுங்க. எல்லாரும் பாப்பாங்களேன்னு போன வாரம் வரவெச்சேன்."

"அம்சமா இருக்குதுங்க. அம்மணி பாத்தாச் சந்தோசப்பட்டிருக்கும்."

பத்மாவதி பட்டுச்சேலையில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். காரைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டினார். "உசிரு போற நேரத்துலயும் இதைத்தான் சொன்னாளாமுங்க என்ற பொண்ணு." சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்தது. சாய்சரண் ஸ்டியரிங்கைத் துடைத்தான்.

கொடி அசைந்ததும் கார்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. தேஜஸ்ரீயின் கார்தான் முதலில் போகவேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். ராமநாதபுரம் சிக்னலில் பஸ்ஸில் இருந்தவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். சிங்காநல்லூரில் ஒரு டிராபிக் போலீஸ்காரர் குறுக்கே வந்த வண்டிகளை நிறுத்திவிட்டு, இவர்களைப் போகச் சொல்லிச் சல்யூட் அடித்தார். கண்ணாடியில் பின்னால் பார்த்தான். செவர்லே, ஆஸ்டின், அம்பாசிடர், பியட், மறுபடி ஒரு ஆஸ்டின். கறுப்பும் பச்சையும் மஞ்சளுமாக, வளைவில் வால் தெரியாத வரிசை. எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தக் குட்டிக் கார். உள்ளே ஏதோ ஒன்று லேசாக அசைந்தது. பெருமை என்றுதான் அதைச் சொல்லவேண்டும். வெகு நாளாக உள்ளே எதுவும் அசைந்ததில்லை என்பதால் அவனுக்கு உடனே அடையாளம் தெரியவில்லை.

"சத்தமே இல்லீங்களே மாப்ளெ," என்றார் பத்மாவதி.

"அவ செட் பண்ணதுங்க. இன்னும் நான் கை வெக்கலை."

சூலூரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாலையோரம் வரிசையாக நின்று கையசைத்தார்கள். பத்மாவதி ராணி மாதிரி திருப்பிக் கையசைத்தார். காரணம்பேட்டை வந்தது. கல் லாரிகளுக்கு நடுவே நிதானமாகத் தாண்டினான். பல்லடத்துக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர்.

கார் ஒருமுறை இருமியது.

சோக்கை இழுத்தான். கொஞ்சம் ஓடியது. மறுபடி இருமியது. பிறகு மூச்சுவிட மறந்ததுபோல் இன்ஜின் அடங்கிப்போனது. இருந்த வேகத்தில் ஓரமாக உருட்டி ஒரு தென்னந்தோப்பு வேலியோரம் நிறுத்தினான். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஏனுங்க மாப்ளெ?"

"நின்னுபோச்சுங்க அத்தை."

பின்னால் வந்த கார்களும் ஒவ்வொன்றாக நின்றன. பானெட்டைத் திறந்தார்கள். பதினைந்து தலைகள் உள்ளே குனிந்தன. கார் என்று வந்தால் கிளப்பில் எல்லாருமே டாக்டர்கள். ஒருவர் பிளக்கைக் கழற்றினார். ஒருவர் பாயின்ட்டைத் தேய்த்தார். நிஜாம் பெட்ரோல் பம்பைச் செருப்பால் நாலு தட்டுத் தட்டினான். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது, அத்தோடு சரி. அரை மணி நேரம் ஆனது. வெயில் ஏறியது. தோட்டத்தில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

திருமலைசாமி போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். திரும்பி வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "கோழி ஏத்துற டெம்போ ஒண்ணு வரச் சொல்லிருக்கேனுங்க. வண்டியை ஏத்தித் தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுபோயிரலாம். தோட்டத்துக்குப் பின்வழி இருக்குது. எறக்கி நிறுத்திட்டா, ஓடி வந்த மாதிரியே இருக்கும். நின்னுச்சுன்னு யாரும் வெளியில பேசக் கூடாது. பேச மாட்டாங்க."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அத்தனை பேரும் அவனைப் பார்க்காமல் டயரைப் பார்த்தார்கள்.

"கயிறு?" என்றான் சாய்சரண்.

"அதெல்லாம் இன்னிக்குக் கணக்குல இல்லீங்க."

"பாய் வண்டி நின்னப்ப டெம்போ வந்துச்சுங்களா?"

"அது வேறீங்க."

"எப்படி வேற?"

பதில் எல்லாருக்கும் தெரியும். அவள் செத்துப்போனாள், அதனால் வேறு. அவனுக்குச் சலுகை; அவளுடைய காருக்குச் சலுகை. ஆறு வருடம் யாரிடமும் சலுகை வாங்காத கார் கோழி டெம்போவில் தார்ப்பாய்க்குள் ஒளிந்து போகப் போகிறது.

"பாய், கயிறை எடுங்க."

"முடியாதுடா," என்றான் நிஜாம். "அது என்ற ஊட்லயே கெடக்கட்டும். எனக்குப் பழகிப்போச்சு. என்ற பொண்டாட்டி அதுல துணி காயப்போடறா."

"டிக்கி சாவியைக் குடுங்க."

"சரணு, சொன்னாக் கேளு."

பத்மாவதி காரிலிருந்து இறங்கினார். "கட்ட வேண்டாமுங்க மாப்ளெ. ஊர் பூரா அவ வார்த்தையை ஒட்டிக்கிட்டு வந்திருக்குது. அதுக்காச்சும்..."

"கட்டோணுங்க அத்தை."

அவன் குரல் உயரவில்லை. ஆனால் நிஜாம் சாவியைக் கொடுத்துவிட்டான்.

கயிறு தடிமனாக, கிரீஸ் ஏறி, முறுக்கு இறுகிக் கிடந்தது. சாய்சரண் மண்ணில் மல்லாந்து படுத்து மோரிஸின் முன் சட்டத்தில் தானே முடிச்சுப் போட்டான். மறுமுனையைச் செவர்லேயின் பின்னால் கட்டினான். எழுந்தபோது இஸ்திரிச் சட்டை முதுகெல்லாம் செம்மண்.

கயிற்றில் போகிற காரை ஓட்டுவது சும்மா உட்கார்ந்திருப்பதல்ல. கயிறு தொய்யக் கூடாது; தொய்ந்து மறுபடி வெட்டினால் அறுந்துவிடும். முன்னால் போகிறவர் வேகம் குறைக்கும்போதெல்லாம் பின்னால் இருப்பவன்தான் பிரேக் போட்டுக் கயிற்றை விறைப்பாக வைத்திருக்கவேண்டும். பல்லடம்வரை ஏழு கிலோமீட்டரும், அதைத் தாண்டித் தோட்டம்வரையும் சாய்சரண் கயிற்றையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். ஒருமுறைகூட அது தரையைத் தொடவில்லை. பல்லடம் பஸ் ஸ்டாண்டு முன்னால் கூட்டம் நின்று பார்த்தது. யாரோ விசில் அடித்தார்கள். பத்மாவதி முந்தானையால் முகத்தின் ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டார். அவன் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டான். தலையைக் குனியவில்லை. இருபது வருடம் ஷெட்டில் கிடந்து துருவேறியதை ஒரு பல் டாக்டர் எழுப்பி ஓடவைத்த கார் இது. கயிற்றில் போனாலும் நாலு சக்கரத்தில் ரோட்டில்தான் போகிறது.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் காரை வேப்பமர நிழலில் நிறுத்தினார்கள். மற்றவர்கள் கை கழுவப் போனார்கள். நிஜாம் மட்டும் பக்கத்தில் நின்றான். டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்க்கலாம் என்று சாய்சரண் புது மூடியைத் திருகினான். இறுகிக் கிடந்தது. துணியைச் சுற்றிப் பலமாகத் திருகினான்.

'உஸ்ஸ்ஸ்' என்று டாங்குக்குள் காற்று பாய்ந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நிஜாம் மூடியை வாங்கித் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "ஓட்டை இல்லைடா."

பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போகவேண்டும். அதற்கு மூடியில் ஊசிமுனை அளவு ஒரு துளை இருக்கும். பழைய மூடியில் இருந்தது. இந்தப் பளபளப்பில் இல்லை. டாங்க் உள்ளேயிருந்து இறுக இறுக, பெட்ரோல் வர மறுத்துவிட்டது. சாய்சரண் மூடியைப் பேருக்கு மேலே வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினான். பம்பு நாலைந்து முறை 'டிக் டிக்' என்றது. முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்தது. சத்தமே இல்லை.

கை கழுவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் நோட்டு. திருமலைசாமி அதை ஒரு மஞ்சள் பையிலிருந்து எடுத்தார். எட்டு மாதமாகப் பிரிக்காத நோட்டு. கடைசியாக அதில் இருந்தது நிஜாமின் வரி: "ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு மூடியை டீக்கடையிலேயே வைத்துவிட்டு வந்தேன்." அதற்குப் பக்கத்தில் சரி என்று சிவப்பு மையில் ஒரு சின்ன டிக்.

"சின்னக் கோளாறுன்னு எழுதிக்கலாமுங்களா?" என்றார் திருமலைசாமி.

சாய்சரண் பேனாவை வாங்கிக்கொண்டான். நின்றபடி எழுதினான். வாசித்தான்.

"மூடியில் மூச்சு ஓட்டை இல்லை. பளபளப்பைப் பார்த்து வாங்கிச் சோதிக்காமல் மாட்டினேன்."

பிறகு நிஜாம் தொண்டையைச் செருமினான். "இவன் பெரியநாயக்கன்பாளையத்துல பம்பு கம்பெனியில என்ன வேலை பாக்கறான்னு யாருக்காச்சும் தெரியுமுங்களா?"

"சொல்லாதீங்க பாய்."

"குவாலிட்டி கன்ட்ரோலுங்க."

முதலில் திருமலைசாமி வாயைப் பொத்திக்கொண்டார். அவரால் முடியவில்லை. தொப்பை குலுங்கச் சிரித்தார். அதன் பிறகு எழுபது பேரும் சிரித்தார்கள். "ஏப்பா, அந்தக் கம்பெனி மோட்டாரைத்தானே நான் கெணத்துக்குள்ள எறக்கிருக்கேன்" என்றது ஒரு குரல். "நாளைக்கே மேல தூக்கிப்போடுங்க" என்றது இன்னொன்று. நிஜாம் கயிற்றை மாலை மாதிரி அவன் கழுத்தில் போட்டு, "பதினாலு மாசம்டா. இனி நீ துணி காயப்போடு" என்று தோளில் அறைந்தான். வலித்தது. எட்டு மாதத்தில் அவனை யாரும் இப்படி அறைந்ததில்லை. சாய்சரணும் சிரித்தான்.

பத்மாவதி மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மடியிலிருந்த ஸ்டிக்கர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாஞ் சரிங்க மாப்ளெ," என்றார். "ஆனா அவ வார்த்தை பொய்யாப் போச்சுங்களே. நிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாளே."

சிரிப்பு நின்றது. சாய்சரண் கையில் பேனா இன்னும் மூடாமல் இருந்தது. நோட்டு திறந்தே கிடந்தது.

"அவ அப்படிச் சொல்லலீங்க அத்தை."

திருமலைசாமி நிமிர்ந்தார்.

"அன்னிக்கு நீங்க கேட்டப்பவே சொல்லிருக்கோணும். சொல்ல முடியலைங்க. தலையை ஆட்டிப்போட்டேன். தப்பு என்ற மேலதான்."

அவன் சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான். அன்று ஞாயிற்றுக்கிழமை. தேஜஸ்ரீ மோரிஸைத் தெருவில் நிறுத்தி ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத் தலை வலிக்கிறது என்றாள். அடுத்த நிமிடமே வாந்தி எடுத்தாள். கால் நிற்கவில்லை. தெருவில் தயாராக நின்றது இந்தக் கார்தான். அதிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஓட்டினான். பன்னிரண்டு நிமிடம். அவசரப் பிரிவு வாசலில், சாய்வுப் பாதையின் மேலேயே ஏற்றி நிறுத்தினான். கதவைச் சாத்தவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தார்கள். அவள் கண்ணைப் பாதி திறந்து அவனைப் பார்த்தாள்; அவனைத் தாண்டி வெளியே காரைப் பார்த்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல் நகத்தில் கிரீஸ் இருந்தது. பேச்சு குழறியது. ஆனால் அவனுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அவள் சொன்னபடியே வெளியே போனான். நாலு நிமிடம்கூட இருக்காது. திரும்பி வந்தபோது உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அதன் பிறகு இரண்டு நாள் அவள் கண் திறக்கவில்லை.

"என்ன சொன்னா?" என்றார் பத்மாவதி.

சாய்சரண் கழுத்தில் கயிற்றோடு நிமிர்ந்து நின்றான். தன் மனைவியைப் பற்றி இத்தனை பேர் முன்னால் சொல்வதில் அவனுக்குத் தயக்கம் ஏதும் இல்லை. அவள் பேசுகிற மாதிரியே சொன்னான்.

"ஆம்புலன்ஸ் வந்து நிக்கிற எடத்துல நிறுத்திப்போட்டீங்க. வேற யாராச்சும் வருவாங்கல்லங்க. போயி வண்டியை எடுத்து ஓரமாப் போட்டுட்டு வாங்க."